இருபதாவது துணி

நீங்க எந்திரிக்காதீங்க உலகம்மா. சொளவு மடியிலயே இருக்கட்டும், நீங்க பாட்டுக்கு பீடியைச் சுத்துங்க. நனைச்ச இலை காஞ்சு போயிரும்லா. எனக்கு இந்தச் சேர் போதும். ஃபேன் போட வேண்டாம், தூளெல்லாம் பறக்கும். எனக்கு வேர்க்கிறது வெயிலால இல்ல, நான் எப்பவும் இப்படித்தான்.

நீங்க என்னைப் பாத்ததில்ல. நான் உங்களைப் பாத்திருக்கேன். ஏழு வாரத்துக்கு முன்னாடி ஒரு புதன்கிழமை உங்களுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்கல்லா? அன்னைக்குத் தியேட்டருக்குள்ள தள்ளிட்டு வந்ததும் ஒருத்தி உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, நல்லா மூச்சை இழுங்க"ன்னு சொன்னாளே, அது நான்தான். தொப்பியும் மாஸ்க்கும் போட்டுட்டா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. என் பேரு ஜெபக்கனி. அந்த நர்சிங் ஹோம்ல இருபத்திரண்டு வருஷம் தியேட்டர் சிஸ்டர். இப்ப தியேட்டர்ல இல்ல, ஸ்டோர்ல தூக்கிப் போட்டுட்டாங்க. ஏன் போட்டாங்கன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.

பயப்படாதீங்க. கெட்ட சேதி ஒண்ணும் கொண்டு வரல. உங்ககிட்ட ஒரே ஒரு உதவி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எக்ஸ்ரே சென்டர் இருக்குல்லா, அங்க வந்து வயித்தை ஒரு படம் எடுத்துக்கணும். செலவு என்னோடது. தெருமுனையில ஆட்டோவைக்கூட நிறுத்தி வச்சுட்டுத்தான் வந்தேன். போக வர அரை மணி நேரம். படத்துல ஒண்ணும் இருக்காது உலகம்மா. ஒண்ணும் இல்லங்கிறதைக் காட்டத்தான் படமே. அதை நான் எடுத்துட்டுப் போயி ஒருத்தி மூஞ்சியில விட்டு எறியணும்.

ஏன் இப்படி முழிக்கீங்க? சரி, சரி. முதல்ல இருந்தே சொல்லுதேன். எத்தனை பிள்ளைக உங்களுக்கு? ரெண்டும் பொண்ணா, நல்லது. பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள திரும்பிரலாம்.

நீங்க பீடியை எப்படி எண்ணுதீங்க? இருபத்தஞ்சு ஒரு கட்டு, அப்படித்தான? எங்களுக்கு அஞ்சு ஒரு கட்டு. வயித்தைத் திறந்ததும் ரத்தத்தை ஒத்தி எடுக்க, குடலை ஒதுக்கிப் பிடிக்க, தடிமனா ஒரு வெள்ளைத் துணி வைப்பாங்க. அதுக்கு மாப்புன்னு பேரு. தரை துடைக்கிறது இல்ல, சிரிக்காதீங்க. நாலா மடிச்ச கைக்குட்டை மாதிரி இருக்கும், ஓரத்துல ஒரு நீல நூல் ஓடும். அந்த நூல் எக்ஸ்ரேல தெரியும். ஏன் தெரியணும்? ரத்தத்துல ஊறிட்டா அந்தத் துணி எது, சதை எதுன்னு கண்ணுக்குப் பிரிச்சுத் தெரியாது. அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு சிஸ்டர் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவோம். தைக்கிறதுக்கு முன்னாடி திரும்ப எண்ணுவோம். டாக்டர்கிட்ட கத்தி எடுத்துக் குடுக்கிறவ ஒருத்தி. வெளிய நின்னு போர்டுல எழுதி, வாளியில விழுற மாப்பை எடுத்து அஞ்சஞ்சா தரையில விரிச்சு வைக்கிறவ ஒருத்தி. எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் டாக்டர் ஊசியைக் கையில எடுப்பாரு.

இருபத்திரண்டு வருஷத்துல என் எண்ணிக்கை ஒரு நாள் தப்பினது கிடையாது. ஒரு நாள்! டாக்டரம்மா வெளியூர் டாக்டர்கள்கிட்டயே சொல்லுவாங்க, "எங்க ஜெபக்கனி இருக்கா, நான் கண்ணை மூடிக்கிட்டுத் தைப்பேன்"னு. உங்க டாக்டரம்மாதான், வேற யாரு.

அப்படி இருந்தவ இன்னைக்கு ஸ்டோர்ல உக்காந்து துணி மடிக்கேன். எல்லாம் அந்த வடிவால. சுடலைவடிவு. படிச்சு முடிச்சு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. அவளுக்குக் கையுறை போடச் சொல்லிக் குடுத்ததே நான். உங்க ஆபரேஷன்ல கத்தி எடுத்துக் குடுத்தது அவதான். வெளிய நின்னு எழுதினது நான்.

என்ன, இடது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டீங்க? தையல் இழுக்குதோ? இழுக்கும் இழுக்கும். உள்தையல் கரைய நாளாகும். குனிஞ்சு உக்காந்தே வேலை பாத்தா வேற என்ன செய்யும்?

எங்க விட்டேன்? ஆங், வடிவு. அதுக்கு முன்னாடி ஆள் பற்றாக்குறையைச் சொல்லணும். இந்த வருஷம் தொடக்கத்துல மூணு சிஸ்டருங்க ஒரே மாசத்துல வெளிநாட்டுக்குக் கிளம்பிட்டாங்க. மூணு பேரு வேலையும் யாரு தலையில? என் தலையில. காலையில ஆறு மணிக்கு உள்ள போனா வெளிய வர ராத்திரி ஆயிரும். எனக்கு நாப்பத்தெட்டு வயசு. ஒரு நாள் டாக்டரம்மா கேட்ட கத்தரி எதுன்னு ஒரு நொடி எனக்குப் பிடிபடல. ஒரே ஒரு நொடி. அந்த வடிவு திரும்பிப் பாத்தா பாருங்க ஒரு பார்வை, எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அவ்வளவுதான், நம்மளைக் கழிச்சுக் கட்டிருவாங்கன்னு பயம் வந்துட்டு.

என் மகன் பெங்களூர்ல இருக்கான், ஜிம்முக்குப் போறவன். பொங்கலுக்கு வந்தவன் ஒரு டப்பாவை விட்டுட்டுப் போயிட்டான். உள்ள கேப்சூல். ஒண்ணு போட்டா ரெண்டு மூணு காப்பி குடிச்சதுக்குச் சமமாம். டப்பா மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கு, கவனத்தைக் கூர்மையாக்கும், ஞாபகத்தைப் பெருக்கும்னு. நான் என்ன கள்ளச்சாராயமா குடிச்சேன்? காப்பிதான் உலகம்மா, காப்பியை மாத்திரைக்குள்ள அடைச்சிருக்கான். ஒண்ணைப் போட்டேன். ஆத்தாடி! அரை மணி நேரத்துல மண்டைக்குள்ள டியூப் லைட் போட்ட மாதிரி பளிச்சுன்னு ஆயிட்டு. கால்வலி தெரியல, பசி தெரியல. எந்த ட்ரேயில எந்தக் கத்தி கிடக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுதேன். இருபத்தஞ்சு வயசு திரும்பி வந்துட்டு.

ஒண்ணு ரெண்டாச்சு. ரெண்டு மூணாச்சு. டப்பா தீர்ந்ததும் மகனை ஆன்லைன்ல வாங்கி அனுப்பச் சொன்னேன். அவனுக்குப் பெருமை, அம்மாவும் நம்ம சரக்கைப் போடுதாளேன்னு.

எங்க மெடிக்கல்ல இருக்கான் கணபதின்னு ஒரு பய. அவன்கிட்ட ஒரு நாள் டப்பாவைக் காட்டிட்டேன், புத்தி கெட்டுப் போயி. அவன் ஆரம்பிச்சுட்டான். "சிஸ்டர், இது தூக்கத்தைத் தள்ளிப் போடும், அவ்வளவுதான். ஞாபகத்தை ஒண்ணும் வளக்காது. அளவு கூடுனா மனசு ஒண்ணுலயே போயி குத்திக்கிட்டு நிக்கும், பக்கத்துல நடக்கிறது விட்டுப் போயிரும். தூங்காத மூளை நேத்து நடந்ததைக் கொண்டு போயி இன்னைக்குல சொருகிரும். அதுவும் சத்தியம் பண்ணுத அளவுக்குத் தெளிவா இருக்கும் சிஸ்டர், அதுதான் ஆபத்து"ன்னான். கடையில மாத்திரை எண்ணிக் குடுக்கிறவன் எனக்குப் பாடம் எடுக்கான்! ஒண்ணுலயே குத்திக்கிட்டு நிக்கிறதுக்குப் பேருதான கவனம்? பக்கத்துல இடி விழுந்தாலும் திரும்பிப் பாக்காம இருக்கிறதுதான கவனம்? நான் அவன்கிட்ட அதையே கேட்டேன். அடுத்த ஆளுக்கு மாத்திரை எண்ணப் போயிட்டான்.

ஆனா தூக்கம் போச்சு, அதை ஒத்துக்கிடுதேன். ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். நெஞ்சு தடதடன்னு அடிக்கும். கை லேசா நடுங்கும், இந்தா பாருங்க, இந்த அளவுதான். இன்னைக்குக் காலையிலயும் ரெண்டு போட்டிருக்கேன், இல்லன்னா தலை பிளந்துரும். வீட்டுல எங்க வீட்டுக்காரரு ஒரே புலம்பல். குழம்புல ரெண்டு தடவை உப்பைப் போட்டுட்டேனாம். வண்டிச் சாவி ஃப்ரிட்ஜுக்குள்ள, தக்காளிக்குப் பக்கத்துல கிடந்துச்சாம். நாத்தனார் மக கல்யாணத்துல பொண்ணு பேரையே மாத்திச் சொல்லி வாழ்த்தினேனாம். அட, மண்டபத்துல அவ்வளவு சத்தம், யாருக்குத்தான் பேரு விளங்கும்? அவருக்கு நான் சம்பாதிக்கிறது பிடிக்கல, அதான் குத்தம் கண்டுபிடிக்காரு. வேலையில, தியேட்டர்ல ஒரு தப்பு உண்டா? அதைச் சொல்லுங்க.

உங்களுக்கு எத்தனை பிள்ளைக? ...ஓ, கேட்டுட்டேனா. ரெண்டு பொண்ணு. ஆமா, சொன்னீங்க.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வாரேன். நீங்க உள்ள வரும்போது மணி பதினொண்ணு. அன்னைக்கு நான் மூணு கேப்சூல் போட்டிருந்தேன், கண்கொத்திப் பாம்பா நிக்கேன். நானும் வடிவும் எண்ணினோம், நாலு கட்டு, இருபது மாப்பு. போர்டுல எழுதினேன். எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. பாதியில ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிற மெஷின் அடைச்சுக்கிட்டு. டாக்டரம்மா கத்துதாங்க, "ஜெபக்கனி, சக்ஷன் என்னாச்சு?" நான் தரையில மண்டி போட்டு உக்காந்துட்டேன். குழாயைக் கழத்துதேன், கழுவுதேன், மாட்டுதேன், திரும்ப அடைக்குது. எனக்கு அந்தக் குழாயைத் தவிர உலகத்துல வேற எதுவும் தெரியல. இருபது நிமிஷம் இருக்கும். வடிவு ரெண்டு மூணு தடவை என்னைக் கூப்பிட்டாளாம், டாக்டரம்மா வயித்துக்குள்ள மாப்பை அங்க வச்சிருக்காங்க, இங்க வச்சிருக்காங்கன்னு சொன்னாளாம். எனக்குக் காதுல விழல. விழலன்னா அவ சொல்லலன்னுதான அர்த்தம்? ஆனா குழாயைச் சரி பண்ணிட்டேன் பாருங்க!

மணி பன்னெண்டே முக்கால். டாக்டரம்மா, "மூடப் போறேன், கவுண்ட் சொல்லுங்க"ன்னாங்க. வடிவு தன் மேசையில மிச்சம் இருந்ததை எண்ணினா. தரையில விரிச்சிருந்ததை எண்ணினா. அஞ்சு, பத்து, பதினஞ்சு, பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது. நின்னுட்டா.

"சிஸ்டர், ஒண்ணு குறையுது"ன்னா.

"நல்லா எண்ணு"ன்னேன்.

திரும்ப எண்ணினா. பத்தொம்பது. மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பாக்காரு. டாக்டரம்மா கையை உங்க வயித்துக்குள்ள விட்டு ஒரு சுத்து துழாவிப் பாத்தாங்க. "ஒண்ணும் தட்டுப்படலையே"ன்னாங்க. அப்பத்தான் எனக்கு நினைப்பு வந்துச்சு. படம் போட்டுக் காட்டின மாதிரி வந்துச்சு உலகம்மா. "மேடம், இருபதாவது மாப்பை நான் பாத்தேன். வாளியில இருந்து நானே எடுத்தேன். தவறிப் போயி குப்பைப் பையில போட்டுட்டேன், ஆயா அந்தப் பையைக் கட்டி வெளிய கொண்டு போயிட்டா"ன்னேன்.

வடிவு என்னைப் பாத்தா. "சிஸ்டர், ஆபரேஷன் முடியாம பையை வெளிய அனுப்பக் கூடாதுல்லா? நான் பையைக் கொண்டு போனதைப் பாக்கலையே"ன்னா.

"எனக்கு நீ ரூல் சொல்லித் தாரியாக்கும்?"

"ரூல் சொல்லல சிஸ்டர். அந்தப் பையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பாத்துருவோம்"னா. ஆளை அனுப்பிக் கேட்டா, குப்பை வண்டி பன்னெண்டு மணிக்கே வந்து எல்லாப் பையையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாம். அவ விடல. "மேடம், அப்ப ஒரு எக்ஸ்ரே எடுத்துருவோம்"னா. எக்ஸ்ரே மெஷின் பக்கத்துத் தியேட்டர்ல, எலும்பு டாக்டர் கால் ஆபரேஷன் செஞ்சுக்கிட்டு இருக்காரு. கிடைக்க ஒரு மணி நேரம் ஆகும். உங்களை அவ்வளவு நேரம் வயித்தைத் திறந்து போட்டு வைக்க முடியுமா?

டாக்டரம்மா என் கண்ணை நேராப் பாத்தாங்க. "ஜெபக்கனி, உறுதியா?"

"சத்தியமா மேடம். என் மகன் மேல சத்தியமா."

அவங்க ஊசியைக் கேட்டாங்க. வடிவு குடுக்கல. கையில வச்சுக்கிட்டே நிக்கா, கண்ணுல தண்ணி முட்டுது. "குடுடி"ன்னேன் நான். குடுத்தா. தைச்சு முடிச்சாச்சு. உங்களை வார்டுக்கு மாத்தியாச்சு.

அதோட விட்டுத் தொலைஞ்சிருக்கலாம்ல? விடல அந்தப் பிள்ளை. ரெஜிஸ்டர்ல எழுதி வச்சிருக்கா: "மாப் ஒன்று குறைவு. சிஸ்டர் ஜெபக்கனி பார்த்ததாகச் சொன்னதன் பேரில் மூடப்பட்டது." எழுதி, கையெழுத்தும் போட்டு, மணியும் குறிச்சிருக்கா. இருபத்திரண்டு வருஷத்துல என் பேரு ரெஜிஸ்டர்ல இப்படி ஏறுனதே இல்ல. டாக்டரம்மா ரெண்டு நாள் கழிச்சு அதைப் பாத்துட்டு முகமே வாடிப் போயிட்டு. "கொஞ்ச நாள் ஸ்டோர்ல இருங்க ஜெபக்கனி. பேஷண்டு நல்லாத்தான வீட்டுக்குப் போறாங்க, பாத்துக்கிடலாம்"னாங்க. உங்களைக் கூப்பிட்டுப் படம் எடுத்துப் பாக்கலாம்லான்னு நானே கேட்டேன். "சும்மா இருக்கிற ஆளைப் போயி பயமுறுத்தணுமா?"ன்னுட்டாங்க.

ஏழு வாரம் உலகம்மா. ஸ்டோர்ல உக்காந்து மாப்பு மடிக்கேன். மடிச்சு அஞ்சஞ்சாக் கட்டுதேன். கேண்டீன்ல நான் போனா பேச்சு நின்னுருது. அந்த வடிவு என்னைப் பாத்தா, "சாப்பிட்டீங்களா சிஸ்டர்?"னு கேக்கா. அது இன்னும் எரியுது. திட்டினாலும் பரவாயில்ல, பரிதாபப்படுதா! போன வாரம் என் பக்கத்துல வந்து உக்காந்து, "சிஸ்டர், அந்தம்மா வீடு எங்கன்னு ரெஜிஸ்டர்ல பாத்து வச்சிருக்கேன், நாம ரெண்டு பேரும் போயிப் பாத்துட்டு வருவோமா?"ங்கா. அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. நீ என்னடி போறது, நானே போறேன். போயி படம் எடுத்துட்டு வந்து உன் மூக்கை உடைக்கேன்னு விலாசத்தை வாங்கிட்டு வந்துட்டேன். நல்லவேளை நீங்க வீட்டுல இருந்தீங்க.

இதுதான் கதை. கிளம்புவோமா?

என்ன யோசிக்கீங்க? சாயங்காலமானா காய்ச்சல் வருதா? தினமுமா? இப்ப ஊரெல்லாம் காய்ச்சல்தான். சோறு இறங்க மாட்டேங்குதா? ஒரு மாசம் கழிச்சுக் காட்டப் போனீங்கல்லா, என்ன சொன்னாங்க? டாக்டரம்மா லீவுல இருந்தாங்களா. சின்ன டாக்டர் வாயு மாத்திரை எழுதிக் குடுத்தாரா, அப்ப வாயுதான். ஆளு இளைச்சுத்தான் இருக்கீங்க, அன்னைக்கு ட்ராலியில பாத்தப்ப கன்னம் இருந்துச்சு. அது உடம்பு தேற நாளாகும். இதுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. உள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும், நான் கண்ணால பாத்தவ.

எப்படித் தெரியும்னா? நீங்களுமா இப்படிக் கேக்கீங்க! சொல்லுதேன், கேளுங்க. பொய் சொல்லுதவளுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்குமான்னு நீங்களே சொல்லுங்க. அந்த மாப்பு வாளியோட அடியில, ஓரத்துல ஒட்டிக் கிடந்துச்சு. நான் இடுக்கியால தூக்கினேன். நல்லா ஊறிப் போயி கனமா இருந்துச்சு, ஒரு மூலை மட்டும் வெள்ளையா இருந்துச்சு. நடுவுல பச்சையா, கரும்பச்சையா, களிம்பு மாதிரி அப்பியிருந்துச்சு. சொட்டினது என் கையுறையில விழுந்து, நான் அப்படியே பை மேல தேச்சுத் துடைச்சேன். "இருபது"ன்னு வாய்விட்டுச் சொன்னேன். பச்சைக்கறை வரைக்கும் சொல்லுதேன், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

என்ன கேட்டீங்க?

பச்சையா ஏன் இருந்துச்சுன்னா? ரத்தம் சிவப்பாத்தான இருக்கும்னா? அட, அது சாதாரணம் உலகம்மா, நாங்க தினமும் பாக்கிறது. வயித்துக்குள்ள பிள்ளைக்கு மூச்சு முட்டுச்சுன்னா பயத்துல உள்ளயே வெளிக்கிப் போயிரும். பனிக்குடத் தண்ணி எல்லாம் பச்சையாயிரும், தார் மாதிரி ஒட்டும். அப்படி ஆச்சுன்னா சட்டுனு சிசேரியன் செஞ்சு பிள்ளையை...

பிள்ளையை எடுத்துருவாங்க.

இருங்க. கொஞ்சம் பேசாம இருங்க. நான் யோசிக்கணும்.

உங்களுக்குக் கர்ப்பப்பை எடுத்தது. உங்களுக்கு ஏது பிள்ளை?

காலையில எட்டு மணிக்கு ஒரு சிசேரியன் இருந்துச்சு. கடையநல்லூர்ப் பொண்ணு, தலைப்பிரசவம், ஆம்பளப் பிள்ளை, பனிக்குடத் தண்ணியெல்லாம் பச்சை. அதுலயும் ரத்தம் கூடிப் போயி நாலு கட்டு மாப்பு பிரிச்சோம். அதுலயும் இருபது. வாளி அடியில கிடந்த கடைசி மாப்பைத் தூக்கி இருபதுன்னு எண்ணினது நான்தான், டாக்டரம்மா தைச்சு முடிச்சதும் பையில போட்டதும் நான்தான். ஆயா கட்டி எடுத்துட்டுப் போனா. பன்னெண்டு மணி வண்டியில போனது அந்தப் பை. அந்தப் பொண்ணோட பை. உங்களோடது இல்ல. கர்த்தாவே, உங்களோடது இல்ல.

அப்ப உங்க இருபதாவது?

நான் பாக்கல. நான் குழாயைக் கழுவிக்கிட்டு இருந்தேன்.

சொளவைக் கீழ வைங்க. பீடி கிடக்கட்டும். இப்படிச் சாஞ்சு படுங்க, சேலையைக் கொஞ்சம் தளர்த்துங்க, நான் தொட்டுப் பாக்கேன். இங்க வலிக்குதா? இங்க? ...இது எத்தனை நாளா இப்படிக் கெட்டியா இருக்கு? மூணு வாரமா? மூணு வாரமா இதை வச்சுக்கிட்டா பீடி சுத்துதீங்க? தாயி, இது வாயு இல்ல. இது தையலும் இல்ல. உடம்பு கொதிக்குது உங்களுக்கு, அது நான் உள்ள வந்ததுல இருந்தே முகத்துல தெரிஞ்சுச்சு. நான் பாக்க மாட்டேன்னு உக்காந்திருந்தேன். என்னைக்கும் நான் இப்படி இருந்ததில்ல, சத்தியமா... இல்ல, சத்தியம் வேண்டாம்.

அழாதீங்க. என்னைத் திட்டுங்க, பொறவு திட்டுங்க, கேஸ் போடுங்க, நான் வந்து நின்னு எல்லாத்தையும் சொல்லுதேன். இப்ப அழுதா தெம்பு போயிரும். அந்தத் துணியை எடுத்துட்டா சரியாயிரும் உலகம்மா, எடுக்க முடியும். ஏழு வாரம்தான ஆச்சு, இதுக்கு மேல ஒரு நாள்கூட விடக் கூடாது. எக்ஸ்ரே சென்டருக்குப் போக வேண்டாம். ஆட்டோவை நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுதேன், அங்க படமும் எடுப்பாங்க, தியேட்டரும் இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு போன் போடுங்க. பக்கத்து வீட்டுல சொல்லி, பிள்ளைக வந்தா பாத்துக்கிடச் சொல்லுங்க. நான் வடிவுக்குப் போன் போடுதேன், அந்த ரெஜிஸ்டரைப் படம் பிடிச்சு அனுப்பட்டும். அவ எழுதினதைக் காட்டினாத்தான் அங்க உடனே ஆபரேஷனுக்கு எடுப்பாங்க. அந்தப் பிள்ளை எழுதி வச்சிருக்காளே, நல்லவேளை எழுதி வச்சிருக்கா.

பாருங்க, வேற யாரு பேரையோ அமுக்கிட்டேன். நீங்க அமுக்குங்க. வடிவுன்னு இருக்கும். அவ எடுத்ததும் நான் பேசுதேன். நான் பாக்கலன்னு நானே சொல்லுதேன்.

என்ன எடுக்கீங்க? தண்ணியா? வேண்டாம் உலகம்மா, அந்தச் செம்பைக் கீழ வைங்க. நாக்கு வறளுதுன்னு எனக்குத் தெரியும். ஒரு வாய்கூடக் குடிக்காதீங்க. மயக்கம் குடுக்கணும்னா வயிறு வெறுமையா இருக்கணும்.